பதில் வந்தால் பச்சை

வாசகரே, நம்மிடையே ஓர் இனம் உலவுகிறது. 'இருக்கியா?' என்று கேட்கும். 'இருக்கேன்' என்று பதில் வந்தால் நிம்மதியாக அடுத்த வேலைக்குப் போய்விடும். எப்படி இருக்கிறாய் என்று மட்டும் கேட்காது. கண்காணிப்போர் இனம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். கண்டம் தாண்டித் தேட வேண்டாம், சின்னமனூர் மாடியறையில் உட்கார்ந்து ஒரு பெங்களூர்க் கம்பெனிக்கு வேலை பார்க்கும் சுரேஷ்கண்ணன் ஒருவரே போதும்.

கம்பெனியின் இருநூறு சர்வர் கம்ப்யூட்டர்களும் பதில் சொல்கின்றனவா என்று பார்ப்பது அவர் உத்தியோகம். அவரா பார்ப்பார்? திரைக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் குட்டிக் குட்டி புரோகிராம்கள் நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு சர்வரையும் தட்டிக் கேட்கும். உடனே பதில் வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு, சிவப்பு விழுந்தால் அவர் போன் அலறும். அலறாத நேரமெல்லாம் காலை ஆட்டிக்கொண்டு டீ குடிப்பார். 'எல்லாம் ஓடுது' என்பார். இதைக் கல்யாண வீட்டிலும் சொல்வார், துக்க வீட்டிலும் சொல்லியிருக்கிறார்.

வளைகாப்பு முடிந்து மனைவி பவானியை ஜெயமங்கலத்துக்குத் தாய்வீட்டார் அழைத்துப் போனார்கள். தலைப்பிரசவம். பாசக்கார மனிதர், சும்மா இருப்பாரா? மூன்று வேளையும் அவள் போனுக்கு 'சாப்டியாம்மா?' என்று தானாகவே அனுப்ப இன்னொரு புரோகிராமை ஓடவிட்டார். அரைமணிக்குள் பதில் வந்தால் பச்சை. 'ம்' என்றாலும் பச்சைதான். பச்சையாக இருக்கும்போது யாராவது போன் போட்டுப் பேசுவார்களா? மூன்று வாரம் ஒரு சிவப்புக்கூட விழவில்லை. தன்னைப் போல ஒரு புருஷன் இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே கிடையாது என்று கொஞ்சம் தலைக்கனமும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுக்குப் போனார். மதியம் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கறிக்குழம்புச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மணி ஒன்று. பவானியின் போனில் 'சாப்டியாம்மா?' என்று வந்து விழுந்தது.

பவானி போனைப் பார்த்தாள். அவருடைய இரண்டு கைகளையும் பார்த்தாள். ஒன்றில் சோறு, மற்றொன்றில் அப்பளம்.

"அப்ப இம்புட்டு நாளும் கேட்டது நீங்க இல்லியா?"

"நான்தாம்மா எழுதி விட்டேன். ஒரு வேள தவறல பாத்தியா."

"போன வியாழக்கெழம வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாக. ஒரு நா வச்சுப் பாத்து, ஒண்ணுமில்லனு விட்டாக."

"ஏம்மா சொல்லல?"

"நீங்களா விசாரிப்பீகன்னு அம்மாவயும் சொல்லவிடல. நீங்க சாப்டியானுதான கேட்டீக. சாப்ட்டேன். ம் போட்டேன்."

சுரேஷ்கண்ணன் அப்பளத்தைக் கீழே வைத்தார். அந்த வியாழக்கிழமையும் 'எல்லாம் ஓடுது' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம் என்பது நினைவுக்கு வந்தபோது அவருக்கு அவமானமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

ஊர் திரும்பியதும் புரோகிராமை நிறுத்தினார். அதற்கு முன், 'உடம்பு எப்படி இருக்கு?' என்று இன்னொரு கேள்வியைச் சேர்த்துவிட்டால் போதாதா என்று கால்மணி நேரம் யோசித்தார். நம் இனத்தாரின் புத்தி அப்படி, மறைப்பானேன். மறுநாள் பதினொரு மணிக்கு, சாப்பாட்டு நேரமும் இல்லாத ஒரு நேரத்தில், தன் கையால் எண்ணைத் தட்டிக் கூப்பிட்டார்.

"என்னங்க, யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறினாள் பவானி.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். வெளியூரில் இருக்கும் அம்மா காலையில் அனுப்பிய பூப்படத்துக்கு ஒரு கும்பிடு பொம்மையைப் போட்டுவிட்டுத்தானே இதைப் படிக்க உட்கார்ந்தீர்கள்? இப்போதே ஒரு போன் போடுங்கள். அவர் முதலில் என்ன கேட்கிறார் என்று பாருங்கள்.