வலது வரிசை எலிகள்

வலது வரிசை எலிகளுக்கும் வயிற்றால் போயிருந்தது.

துசாந்தினி மூக்கைப் பொத்திக்கொண்டு மறுபடி குனிந்து பார்த்தாள். விற்றமின் சி புற்றுநோய்க் கலங்களை அடக்குமா என்பது 2007இல் ஒஸ்லோவில் அவள் செய்துகொண்டிருந்த மாஸ்டர் ஆய்வு. எல்லா எலிகளுக்கும் கட்டி இருந்தது. இடது வரிசைக்கு விற்றமின் கரைத்த தண்ணீர், வலது வரிசைக்கு வெறும் தண்ணீர். மாதம் ஒன்றாகியும் இரு பக்கக் கட்டிகளுக்கும் வித்தியாசமே இல்லை.

வித்தியாசம் தெரியட்டும் என்று போன கிழமை விற்றமினை இரட்டிப்பாக்கினாள். இடது வரிசைக்கு வயிறு இளகியது, அது எதிர்பார்த்ததுதான். விற்றமின் வாசமே படாத வலது வரிசைக்கு என்ன வந்தது?

எலிகளுக்கு நீர் வற்றிவிடுமே என்று எல்லாக் கூடுகளுக்கும் இரண்டாவது தண்ணீர்ப் போத்தலும் வைக்கச் சொன்னாள். மறுநாள் இரண்டு பக்கமும் இன்னும் மோசம். பயந்துபோய்ப் பேராசிரியரிடம் சொன்னாள். அவர் மிருக வைத்தியரைக் கூப்பிட்டார். வைத்தியர் தொற்றுநோய் என்று சந்தேகப்பட்டு, கதவில் சிவப்புத் தாள் ஒட்டினார். வியாழன் மத்தியானத்துக்குள் காரணம் தெரியாவிட்டால் எலிகள் அத்தனையையும் கொன்றுவிடுவார்கள். ஆய்வும் அதோடு சரி. மகள் புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கிறாள் என்று அப்பா அவர்கள் குடியிருந்த எல்லிங்ஸ்ருட் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்.

வியாழனும் வந்தது. வைத்தியர் பெட்டியோடு வெளியே நின்றார்.

விசாரிக்க மிஞ்சியிருந்தவர் சிறீஸ்கந்தராசா ஒருவர்தான். எலிகளுக்குத் தீனியும் தண்ணீரும் வைப்பது அவர் வேலை. திருகோணமலைக்காரர். வெள்ளிக்கிழமைகளில் கோயில் அன்னதானத்தில் பரிமாறுவார். மிஞ்சிய பொங்கலை இங்கே கொண்டுவந்தால் வாசல் காவலாளிவரை எல்லாருக்கும் ஒரே அளவு.

"அண்ணை, கூடுகளில வேறை ஆரும் கை வைச்சவையே?"

"என்னைத் தாண்டி ஆர் பிள்ளை வாறது?"

"தீனியை மாத்தினனீங்களோ?"

"சீ, அதே தீனிதான்."

துசாந்தினி சுவரில் சாய்ந்தாள். "அப்ப தொற்றுத்தான். இப்ப எல்லாத்தையும் கொல்லப்போகினம்."

சிறீஸ்கந்தராசா இரண்டு வரிசைகளையும் மாறிமாறிப் பார்த்தார்.

"கொல்லுறதோ? எல்லாம் கட்டி வந்த வருத்தக்காரச் சீவனுகள் எல்லே. ஒரு பந்திக்குப் பாயாசம், மற்றப் பந்திக்குப் பச்சைத்தண்ணியெண்டால் எனக்கு மனம் கேக்குமே, பிள்ளை? நான் முதல்நாளே ரெண்டையும் ஒண்டாக் கலந்து எல்லாருக்கும் எல்லாப் போத்தலிலயும் சமமாத்தான் ஊத்தி வந்தனான்."