ஏணியின் காது

அன்று மதியம் கேன்டீனில் இருந்தவர்கள்: பேக்கிங்கில் இருந்து நான். லேத்தில் இருந்து ரஹீம் பாய். பெயின்ட் ஷாப் ஆட்கள் இரண்டு பேர். சாம்பார் வாளியோடு கேன்டீன் மாஸ்டர். எச்.ஆர். மேடம். ஸ்டோரில் இருந்து என் தம்பி ஏணி.

மேடத்தைத் தவிர எல்லோருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. ஏழு பேரும் வலது கையைத் தலைக்கு மேல் போட்டு, இடது காதைத் தேடிக்கொண்டிருந்தோம்.

காரணம் ஏணி. ஓசூர் தொழிற்பேட்டையில் எத்தனையோ ஆயிரம் பேர் வேலை செய்கிறார்கள். கை நீளமாக இருந்ததால் இரண்டு வருடம் முன்னதாக ரிட்டயர் ஆனவன் அவன் ஒருவன்தான். கை நீளம் என்றால் திருட்டு இல்லை. நிஜமாகவே நீளம்.

எவ்வளவு நீளம் என்றால், கல்யாணத்தில் அட்சதையை வீச மாட்டான். மூன்றாவது வரிசையில் இருந்தபடியே மாப்பிள்ளை தலையில் வைத்துவிடுவான். ஸ்டோரில் மேல் தட்டு அவனுக்கு இடுப்பளவு. அவன் பெயர் சம்பளச் சீட்டில் இருக்கிறது. வீட்டில்கூட யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

எங்கள் ஊர் ஜவளகிரி பக்கம். காட்டு ஓரம். எனக்கு ஐந்து வயது ஆனதும் அம்மா பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனாள். தம்பிக்கு மூன்று. அவள் இடுப்பில் இருந்தான். பிறந்த சீட்டெல்லாம் அப்போது யாரிடமும் கிடையாது. கையைத் தலைக்கு மேல் போட்டு எதிர்ப்பக்கக் காதைத் தொட்டால் ஐந்து வயது. தொடாவிட்டால் வீடு.

நான் போட்டேன். கை உச்சந்தலையில் நின்றுவிட்டது.

"அடுத்த வருசம் கூட்டிக்கினு வாம்மா" என்றார் ஹெட்மாஸ்டர்.

ஏணி என்னைப் பார்த்தான். இடுப்பில் இருந்தபடியே கையைப் போட்டான். காதைத் தொட்டதோடு நிற்கவில்லை. கன்னத்தையும் சொறிந்தான்.

ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இவனுக்கு என்னா வயசு?"

"மூணு சார்."

"காது அஞ்சுன்னு சொல்லுதே!"

அம்மா யோசிக்கவில்லை. "எவனோ ஒருத்தன் உள்ள போனா சரி சார்" என்றாள். பள்ளிக்கூடத்தில் மதியம் சோறு போட்டார்கள்.

அடுத்த வருடம் என் கை எட்டியது. எனக்கு அப்போது ஆறு. ஹெட்மாஸ்டர் ஐந்து என்றே எழுதினார். அன்றிலிருந்து வீட்டில் நான் அண்ணன். காகிதத்தில் அவன் அண்ணன்.

ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் ஒரே அறையில்தான். ஏணி இரண்டில் உட்கார்ந்துகொண்டு, ஒன்றில் இருந்த என் சிலேட்டில் எழுதுவான். வாத்தியார் தலையைத் திருப்பினால் கை போய்விடும். மாட்டுவது நான். என் காதைத் திருகுவார்கள். எனக்கு ஆறு வயதுவரை எட்டாத காது, அவர்களுக்கு நன்றாக எட்டியது.

ஒரு சாயங்காலம் பக்கத்துத் தோட்டத்துச் சுவருக்கு மேல் கையை விட்டு கொய்யா பறித்தான். தோட்டக்காரர் மங்கலில் அந்தக் கையைப் பார்த்தார். யானை வந்துவிட்டது என்று கன்னடத்தில் கத்தினார். ஊரே தகரம் தட்டிக்கொண்டு ஓடி வந்தது. முன்னால் நின்று தகரம் தட்டியவன் ஏணி. வாயில் கொய்யா.

பெரியவர்கள் ஆனோம். இரண்டு பேருக்கும் ஓசூரில் ஒரே கம்பெனியில் வேலை. ஊருக்குக் காலையில் ஒரே பஸ். வரும்போதே நிறைந்து வரும். நிற்பதற்குள் ஏணி ஜன்னல் வழியாகக் கையை விட்டு, உள்பக்கம் யாராவது எழுந்த சீட்டில் துண்டைப் போட்டுவிடுவான். இத்தனை வருடத்தில் நான் ஒருநாளும் நின்று போனதில்லை.

மூன்று மாதம் முன்னால் மேடம் அவனைக் கூப்பிட்டார். ஐம்பத்தெட்டு முடிகிறதாம். மாதக் கடைசியோடு சரியாம்.

"மேடம், எனக்கு அம்பத்தாறுதான். எங்க அண்ணனுக்குத்தான் அம்பத்தெட்டு."

"டி.சி.ல அவருக்கு ஐம்பத்தேழு, உங்களுக்கு ஐம்பத்தெட்டு. நான் ஏன் மாட்லி அண்ணா?" என்ன செய்ய என்று கன்னடத்தில் கையை விரித்தார். சின்ன வயசுப் பெண். கர்நாடகப் பக்கம்.

பஸ்ஸில் திரும்பும்போது, தளி தாண்டியதும் ஏணி கேட்டான்.

"வேல கெடக்கட்டும்ணா. உனக்கு யாரு சீட்டு போடுவா?"

"நின்னுக்கினு போறேன்."

"உன் முட்டி நிக்குமா?"

அது முட்டிக்குத்தான் தெரியும்.

மறுநாள் மதியம் கேன்டீனில் மேடத்தை மடக்கினான். "அந்த டி.சி.ய எழுதுனது வாத்தியார் இல்ல மேடம், என் காது. காது சொன்னா வயசுன்னா, இங்க எல்லாருக்கும் டெஸ்ட் வைங்க."

அப்படித்தான் ஏழு பேர் கையைத் தூக்கினோம்.

பெயின்ட் ஷாப் ஆட்கள் இருவருக்கும் தோள் பாதியில் நின்றது. கேன்டீன் மாஸ்டர் கரண்டியை வைக்க மறந்து தலையில் சாம்பார் ஊற்றிக்கொண்டார். ரஹீம் பாய் கை மேலே போனது. கீழே வரவில்லை.

"யா அல்லா! எறக்கி விடுங்கடா!"

"பாய், அப்படியே ஃபேனப் புடிச்சிக்கோங்க" என்றான் ஏணி.

மேடத்தின் விரல் கூந்தல் கிளிப்பில் மாட்டிக்கொண்டது. "மேடம், நீங்க இன்னும் ஸ்கூல்லயே சேரல" என்றார் மாஸ்டர், சாம்பாரைத் துடைத்துக்கொண்டே.

நானும் போட்டேன். கை உச்சந்தலையில் நின்றது. ஐந்து வயதில் நின்ற அதே இடம். நடுவில் அது காதுவரை போய் வந்ததற்கு இப்போது சாட்சி இல்லை. வயசானால் முடி போகும், பல் போகும் என்றார்கள். காது தூரமாகப் போகும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அத்தனை பேரும் அத்தனை சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது.

கடைசியில் ஏணி. ஒரே வீச்சு. காதைத் தொட்டான். கன்னத்தையும் சொறிந்தான்.

"பாத்துக்கோங்க மேடம். நான் ஒருத்தன்தான் தொட்டேன்!"

மேடம் கிளிப்பைச் சரிசெய்தார். "அண்ணா, காது தொட்டா வயசு ஆயிடுச்சுன்னுதானே உங்க ஸ்கூல் கணக்கு? அப்போ இங்க நீங்க ஒருத்தர்தான் ரிட்டயர்."

எல்லோருக்கும் முன்னால் சிரித்தவன் ஏணிதான். எதிலும் அவன்தான் எனக்கு முன்னால்.

மாதக் கடைசியில் மாலை போட்டு அனுப்பினார்கள். அவன் குனிய வேண்டியிருந்தது.

மறுநாள் காலை நான் மட்டும் பஸ்ஸுக்கு நடந்தேன். முட்டியை நீவிக்கொண்டே போனேன். நிறுத்தத்தில் ஏணி நின்றிருந்தான். குளித்து, நீறு பூசி, தோளில் துண்டு. டிபன் டப்பா மட்டும் இல்லை.

"எங்கடா போற?"

"எங்கயும் இல்ல."

பஸ் வந்தது. ஜன்னலில் கை போனது. துண்டு விழுந்தது. நான் ஏறி உட்கார்ந்து, துண்டை ஜன்னல் வழியாகத் திருப்பிக் கொடுத்தேன். உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

தினமும் வருகிறான். எனக்குக் காகிதப்படி இன்னும் ஒரு வருடம் இருந்தது. ஞாயிறும் பண்டிகையும் கழித்து அவனே எண்ணி வைத்திருக்கிறான். துண்டை வாங்கும்போது மிச்ச நாளைச் சொல்வான். நானும் தலையை ஆட்டுவேன்.

இன்று காலை சொன்னது: இருநூற்று நாற்பத்தாறு.