நம்ம வீட்டு அவன்

இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று ஜாஹிர் கங்கணம் கட்டிக்கொண்டார்.

அபர்டீன் பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அவருக்கு இரண்டே எதிரிகள். ஒன்று, ஞாயிறு விடுமுறை. இன்னொன்று, வீட்டு வைஃபை. முதல் எதிரியை ஒழிக்க இரண்டாவது எதிரியின் தயவு வேண்டியிருந்ததுதான் கொடுமை. ஞாயிறன்று கடைகளை மூடலாமா என்று முடிவெடுக்க வியாபாரிகள் சங்கம் மூன்று மணிக்கு வீடியோவில் கூடுகிறது. பாராடாங், பெரார்கஞ்ச் என்று தொலைவில் கடை வைத்திருப்பவர்கள் அடிக்கடி வர முடியாது என்பதால் இந்த ஏற்பாடு. பதினோரு வருடமாக ஒரு ஞாயிறும் கடையை மூடாத ஜாஹிர், மூன்று பக்கத்துக்கு எதிர்ப்புரை எழுதி வைத்திருந்தார். போன கூட்டத்தில் பேச வாயைத் திறந்தவர், பல் டாக்டரிடம் காட்டுகிற மாதிரி அப்படியே திரையில் உறைந்துபோனார்.

காரணத்தையும் கண்டுபிடித்துவிட்டார். மைக்ரோவேவ் சுற்றினால் வைஃபை சுருண்டுவிடுகிறது. இரண்டுக்கும் ஒரே அலைவரிசை.

"ஹசீனா, இனிமே அவன் ஓடக்கூடாது."

"எவன் மச்சான்?"

"மைக்ரோவேவ் அவன்! அவனாலதான் நான் பேச முடியல."

"நான் குறுக்க பேசுறதுனாலன்னுல்ல நெனச்சேன்."

"உன் குறுக்கீடுக்கு மருந்தே கிடையாது. இதுக்கு இருக்கு."

"ரெண்டு அலைவரிசை உள்ள ரூட்டரா வாங்கிப் போடுங்களேன்."

"செலவு!"

"அப்ப கேபிள் இழுங்க."

"சுவத்துல ஓட்டை போட்டா வீட்டுக்காரரு நம்மள ஓட்டிருவாரு."

"சரி, அவனை நிறுத்துறேன். எனக்கென்ன லாபம்?"

ஜாஹிர் வியாபாரியாயிற்றே, லாபநஷ்டம் பார்த்தார். கடைசியில் ஒரு வாரத்துக்கு, ஆறிப்போன மீன்குழம்பை முகம் சுளிக்காமல் சாப்பிடுவது, மொட்டை மாடியில் துணி காயப்போடுவது என்று படிந்தது. வருடத்துக்கு ஐம்பத்திரண்டு ஞாயிறு வியாபாரத்துக்கு முன்னால் இதெல்லாம் பிஸ்கோத்து.

"படியா! ரொம்ப நல்லது. இப்ப சத்தியம் பண்ணு."

"நம்ம வீட்டு அவன் ஓடாது. சத்தியம்."

ஹசீனாவுக்கு ஞாயிறு விடுமுறை வேண்டும். பாராடாங்கில் இருக்கும் தங்கை அல்மாஸைப் பார்த்து மூன்று வருடமாகிறது. அப்படிப்பட்டவள் இவ்வளவு சீக்கிரம் மடங்கியது ஜாஹிரை நெகிழ வைத்தது. அதோடு விட்டாளா?

"ரூட்டரையும் அடுப்படிய விட்டு எடுத்துப் படுக்கையறைச் சுவத்துல மாட்டுங்க மச்சான். தள்ளி இருந்தா நல்லதுதானே?"

என்ன இருந்தாலும் என் பொண்டாட்டி என்று பூரித்துக்கொண்டே மாட்டினார். ஆனாலும் வியாபாரி யாரையும் முழுசாக நம்பமாட்டான். அவனைத் தூக்கி வந்து, ஒயரைச் சுருட்டி, படுக்கையறையில் தன் பக்கத்திலேயே காவலில் வைத்துக்கொண்டார்.

மூன்று மணி. சங்கத் தலைவர் பக்தவத்சலம் தொண்டையைச் செருமினார்.

"சலோ, கமிட்டி பதினோரு பேரும் வந்தாச்சு. ஞாயிறு லீவு வேணும்ங்கறவங்க கை தூக்குங்க."

பேச விடாமலே ஓட்டெடுப்பா! ஐந்து கைகள் உயர்ந்தன. கதவோரம் நின்ற ஹசீனா சுவரில் பட் பட் என்று இரண்டு அடி அடித்தாள்.

"கொசு," என்றாள்.

ஜாஹிருக்கு வாய் திறந்தால் கையும் கூடவே எழும்பும். "ருக்கோ! ருக்கோ! நிறுத்துங்க, நான் பேசணும்!" என்று கையை உயர்த்திக் கத்தினார். அத்தோடு திரை உறைந்தது. செல்போனைத் தட்டினார், உதறினார், ஊதினார். அசையவில்லை.

உயிர் வந்தபோது எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஆறுக்கு அஞ்சு! லீவு பாஸ். ஆறாவது கை உங்களோடதுதான் ஜாஹிர் பாய்!"

"ஐயோ, அது ஓட்டு இல்லைங்க..."

"அடக்கமெல்லாம் வேணாம் பாய். மூணு நிமிஷம் கையை எறக்கவே இல்லையே நீங்க! பெரார்கஞ்ச் முத்துராஜ் அழுதுட்டாரு. படம் பிடிச்சு குரூப்ல போட்டாச்சு."

குரூப்பில் சங்கத்து அறுபது வீட்டுப் பெண்கள் துஆவும் கும்பிடும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இனி இல்லை என்று சொன்னால் பஜாரில் தலை காட்ட முடியாது.

ஜாஹிர் பக்கத்தில் இருந்தவனைத் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்று இருந்தான். ஹசீனா அதற்குள் அல்மாஸுக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டுச் சமையலறையிலிருந்து புஷ்பாவின் குரல் கேட்டது.

"ஹசீனா, எங்க வீட்டு அவன் மூணு நிமிஷம் ஓடுனது போதுமா?"