முப்பத்துநாலு பாகை

மனிதகுலம் சூரியனைத் தோற்கடித்தது இத்தாலியின் பலேர்மோ நகரில், போர்கோ வெக்கியோ என்ற பகுதியில், யூலை மாதச் செவ்வாய்க்கிழமை ஒன்றில். ஆயுதம், ஊரிலிருந்து பிழைக்க வந்த கூலித் தொழிலாளி தவராசாவின் கையிலிருந்த பூச்சு றோலர்.

கறுத்த தார்த்தெருவில் வெயிலைத் திருப்பி அடிக்கும் வெள்ளைப் பூச்சுப் பூசினால் தெரு குளிரும். திட்டத்தின் பெயர் "குளிர் தெரு". அதற்காக நாலு மாநாடுகள் நடந்தன, நாலும் ஏசி அறையில். பூசுகிற வேலை மட்டும் வெளியில்.

வேலைத்தலத்தில் கருணையான விதி ஒன்றும் இருந்தது. வெப்பம் முப்பத்தைந்து பாகையைத் தாண்டினால் பன்னிரண்டரைக்கு வேலை நிற்கும், நாலு மணிவரை ஓய்வு. இருந்த ஒரே வெப்பமானி தெருவை அளக்க வாங்கியது. ஆகவே தெருவையே அளந்தார்கள். திங்கட்கிழமை ஐம்பத்திரண்டு காட்டியது. தவராசா மீன்கடைப் பந்தலின் கீழ் காலை நீட்டிப் படுத்தார்.

செவ்வாய்க்கிழமை பாதித் தெரு வெள்ளையானது. ஒரு பூச்சுப் போதும் என்றார்கள். வேலையில் கள்ளம் தெரியாத தவராசா இரண்டு பூசினார்.

புதன் மதியம் மேற்பார்வை செய்கிற கப்போ, பூசிய பாதியில் குனிந்து அளந்தார். முப்பத்துநாலு. தவராசாவின் கைத்திறனை எல்லோர் முன்னாலும் பாராட்டிவிட்டு, அவருடைய ஓய்வை ரத்துச் செய்தார்.

தவராசா மற்றப் பாதியைப் பூசத் தொடங்கினார். இதுவரை தொப்பிக்கு மேலால் வந்த வெயில் இப்போது தொப்பிக்குக் கீழாலும் வந்தது. நாடி எரிந்தது, மூக்குத்துவாரம் எரிந்தது.

"கப்போ, உந்த மெசினை ஒருக்கா என்ரை முகத்துக்குப் பிடியுங்கோ" என்று தனக்குத் தெரிந்த இத்தாலியத்தில் கேட்டார்.

கப்போ உண்மையிலேயே வருந்தினார். திட்டம் தெருவுக்கானது, முகத்துக்கு நிதி ஒதுக்கப்படவில்லை என்றார்.

ஒரு மணிக்குப் படம் எடுக்க அதிகாரி ஒருவர் வந்து வெள்ளையின் நடுவில் நின்று சிரித்தார். நாலாவது நிமிடம் கால் தள்ளாடியது. கப்போ ஓடிவந்து முதலில் தரையை அளந்தார். முப்பத்துநாலு. எனவே அது வெயில் மயக்கம் அல்ல, முதல்நாள் தின்ற மீன் என்று கோப்பில் ஏறியது. தெருவோரப் பாரின் நிழலுக்குத் தூக்கிச் செல்லப்பட்ட அதிகாரி, ஈரத்துவாய் தலையில் இருக்க, "முழு வெற்றி" என்று கையெழுத்திட்டார். வேலை தொடர்ந்தது.

அதே தெருவில் நாலாம் மாடியில் இத்தாலியச் சின்யோரா அம்மா ஒருவரின் வீட்டைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்த தவராசாவின் மனைவி சிவமலர், கால்மிதி உதற பல்கனிக்கு வந்தாள். கீழே பார்த்ததும் கை நின்றது. ஊரில் பாடை போகிற வழிக்கு விரிக்கிற வெள்ளைத் துணி மாதிரி, முனையிலிருந்து தவராசா நின்ற இடம்வரை தெரு கிடந்தது.

"இஞ்சாருங்கோ, ஆற்றை செத்தவீடு?"

தவராசா றோலரை வாளிக்குள் தோய்த்தார்.

"ஆள் இன்னும் முடிவாகேல்லை. முடிவாகுமட்டும் வேலையை நிப்பாட்ட வேண்டாமாம்."