சாம்பல் புதன் கணக்கும் செல்லதுரையின் தென்னையும்

மார்ச் 3

மரியாதைக்குரிய பெரிய மச்சான் எல்வின் அவர்களுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் சவரியப்பன் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. நீங்களும் அக்காவும் மாதா கிருபையால் சுகமாயிருப்பீர்கள். இங்கே ஃபிளோராவும் மாடும் நலம். எனக்குத்தான் ரத்தம் கொதிக்கிறது.

விஷயம் செம்பருந்து. பாசனத்துறையில் லஸ்கராக மதகு திறந்து மூடிய நாளிலிருந்து, அதாவது 1991 முதல், ஒவ்வொரு சாம்பல் புதனும் காலைப் பூசை முடிந்து நெற்றிச் சாம்பலோடு கோயிலிலிருந்து மதகு வரை ஆற்றங்கரையில் நடந்து பருந்துக் கூடுகளை எண்ணி நோட்டில் எழுதிவருகிறேன். ஆரம்பத்தில் பதினான்கு. கஜா புயல் பாதி மரத்தைச் சாய்த்த பிறகும் ஆறு இருந்தது. அப்புறம் நான்கு, மூன்று. இப்போது மூன்று வருடமாக ஒன்றே ஒன்று, அதுவும் பக்கத்து வீட்டுச் செல்லதுரையின் தென்னையில். அந்த மரத்தில் யாரும் ஏறக்கூடாது என்று, கூட்டைப் பார்த்த அன்றே அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து மனிதர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. முப்பது வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தவர். போன வாரம், முற்றிய காய் எங்கள் மாட்டின் பக்கத்தில் விழுந்தது என்று சாக்குச் சொல்லி மரமேறியைக் கூட்டி வந்துவிட்டார். நான் மரத்தைக் கட்டிப்பிடித்து நின்றேன். செல்லதுரை ஒரு வார்த்தை பேசாமல் ஆளைத் திருப்பி அனுப்பினார். என்ன திமிர் பாருங்கள்.

அவர் மகள் செம்மொழி அதற்கு மேல். கல்லூரியில் விலங்கியல் ஆராய்ச்சி செய்கிறாளாம், பருந்துக் கூடுகள் இத்தனை வருடத்தில் எப்படி ஏறி இறங்கின என்று பார்க்க என் நோட்டை வாங்கிப் போனாள். திருப்பித் தரும்போது, “கடைசி ஏழு வருஷக் கணக்க மட்டும் எடுத்துக்கல பெரியப்பா. வாங்க, ஒருதடவ சேந்து எண்ணிப் பாப்போம்” என்கிறாள். பருந்து எண்ண எனக்குத் துணையாம்.

உலகமே தேய்ந்துவருகிறது மச்சான். பேப்பர்காரன் மையை மிச்சம் பிடித்து வெளிறிப்போய் அச்சடிக்கிறான். பஸ்ஸில் ஊர்ப்பெயரைப் பொடிப்பொடியாக எழுதுகிறார்கள். போக வேண்டியது ஒரத்தநாடு, போய் இறங்கியது அதிராம்பட்டினம். ஃபிளோரா வைக்கும் குழம்பில் முள் எது மீன் எது என்றே தெரிவதில்லை. கேட்டால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். போதாததற்குச் சுவருக்கு மேல் செல்லதுரை வீட்டுக்குக் குழம்பும் போகிறது. தலைமையாசிரியராக இருந்தவர் நீங்கள். சனிக்கிழமை வந்து அந்த மனிதரை நாலு வார்த்தை கேட்டால்தான் என் மனம் ஆறும்.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர். ஆண்டவர் உங்கள் குடும்பத்தைக் காப்பாராக. செல்லதுரையையும் காக்கட்டும், கொஞ்சம் தாமதமாக.

இப்படிக்கு,
அ. சவரியப்பன்

பி.கு. (மார்ச் 24): இந்தக் கடிதத்தை ஃபிளோரா தபாலில் போடவே இல்லை. அதற்குப் பதில் என்னைத் தஞ்சாவூருக்கு இழுத்துப்போய் வலது கண்ணில் புரை எடுக்க வைத்துவிட்டாள். நேற்று கறுப்புக் கண்ணாடியோடு ஆற்றங்கரையில் நடந்தேன். பதினொரு கூடு, மச்சான். ஒற்றைக் கண்ணுக்கே பதினொன்று. செல்லதுரையின் தென்னையில் இருப்பது மட்டும் கூடு இல்லை. காற்றில் பறந்து வந்து சிக்கிய உரச்சாக்கு.

ஏன் சொல்லவில்லை என்று அவரிடமே சண்டைக்குப் போனேன். “சாக்குன்னு மொத வருஷமே தெரியும்ணே. அது ஒண்ணாவது இருக்குன்னு நீங்க நிம்மதியா இருந்தீங்க” என்றார். வாய் திறந்தால் உண்மை வந்துவிடுமே என்றுதான் மூன்று வருடமாகப் பேசாமல் இருந்தாராம். காயையும் விட்டுவிட்டு.

நீங்கள் சனிக்கிழமை கட்டாயம் வர வேண்டும். அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை, நீங்கள் ஆரம்பித்துக் கொடுங்கள். சாக்கை இன்னும் இறக்கவில்லை. இறக்கட்டுமா என்று அவர் கேட்டபோது, கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.