சராசரியில் நஷ்டமில்லை

எங்கள் நிறுவனத்தில் ஊழியர் சேமிப்புப் பிரிவு என்று ஒன்று உண்டு. ஊழியர்கள் கொடுக்கும் பணத்தைப் பங்குகளில் போட்டு, இரண்டு ஆண்டு முடிந்ததும் வருவாய் விகிதத்தைக் கணக்கிட்டு அறிவிப்பது அதன் தலையாய கடமை. அங்கே நான் இளநிலைக் கணக்கர். சேர்ந்து நாலு மாதம்தான். இன்னும் நிரந்தரம் ஆகவில்லை.

அதே கட்டடத்தில் துப்புரவு வேலை பார்க்கும் என் அத்தை ஒருநாள் பணம் கேட்டு மனு கொடுத்தாள். தையல் கடை வைக்க ஓர் அறை பார்த்திருந்தாள். முன்பணம் ஒரு லட்சம், வெள்ளிக்கிழமைக்குள். நிதியில் அவள் போட்டிருந்ததும் ஒரு லட்சம்தான்.

மேலாளர் கோப்பைப் புரட்டினார்.

"முதல் வருஷம் ஐம்பது சதவீதம் ஏறியிருக்கு. ரெண்டாவது வருஷம் ஐம்பது சதவீதம் இறங்கியிருக்கு. சராசரி பூஜ்யம். உங்க பணத்துக்கு ஒண்ணும் ஆகலம்மா."

"நல்லதுங்க. அப்ப லட்சத்தைக் குடுங்க."

"எழுபத்தஞ்சாயிரம் வரும்."

அத்தை என் பக்கம் திரும்பினாள். "டேய், வீட்டுல நீ ஒருத்தன்தான் படிச்சவன். என்னடா சொல்றாரு இவரு?"

"லட்சம் ஒன்றரை லட்சமாச்சு அத்தை. அப்புறம் அந்த ஒன்றரைல பாதி போயிடுச்சு. கால் பங்கு நஷ்டம்."

மேலாளர் பேனாவை மூடி வைத்தார். "தம்பி, நம்ம படிவத்துல நஷ்டம்னு ஒரு கட்டம் இருக்கா?"

தேடிப் பார்த்தேன். இல்லை.

"நீ இன்னும் நிரந்தரம் ஆகல, இல்ல?"

"ஆகல சார்."

"அப்ப அந்த இருபத்தஞ்சாயிரம் எங்கங்க போச்சு?" என்றாள் அத்தை.

"போகலம்மா. போயிருந்தா சராசரியில தெரிஞ்சிருக்கும்." அவர் குரலில் பொறுமை வழிந்தது. "அப்புறம் கட்டணம் ரெண்டு சதவீதம். உங்க பணம் உச்சத்துல இருந்த ஒன்றரை லட்சத்து மேல. மூவாயிரம்."

"கட்டணத்துக்குச் சராசரி பார்க்க மாட்டீங்களா?"

"அதெப்படிம்மா? கட்டணம் நிஜப் பணமாச்சே."

எழுபத்திரண்டாயிரத்துக்குக் கைநாட்டு வைத்துவிட்டு அத்தை போனாள். வெள்ளிக்கிழமை அந்த அறையில் வேறொருவர் செல்போன் கடை திறந்தார். படிக்காதவர்களுக்குச் சராசரி புரியாது என்று பிரிவே சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

அடுத்த மாதம் சுற்றறிக்கை வந்தது. நிறுவனத்தின் நலன் கருதி அனைவர் சம்பளத்திலும் ஐம்பது சதவீதம் குறைப்பு. மேலாளருக்கும் சேர்த்துத்தான். மூன்று மாதம் பாதிச் சம்பளம்தான் வாங்கினோம். பிறகு இன்னொரு சுற்றறிக்கை: ஐம்பது சதவீத உயர்வு, உடனடியாக.

கை தட்டினார்கள். மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாத்தியா தம்பி, எடுத்ததை அப்படியே திருப்பிக் குடுத்துட்டாங்க. பெரிய மனசு."

நான் ஒரு துண்டுத்தாளில் கணக்குப் போட்டேன். பழைய சம்பளத்தில் முக்கால் பங்கு வந்தது. இன்னொரு முறை போட்டேன். முக்கால்தான். அதைச் சொல்ல வாயெடுத்தபோது என் நிரந்தர உத்தரவை மேசையில் வைத்தார்கள். கூடவே, நிர்வாகத்துக்கு நன்றிக் கடிதம் எழுதும் பொறுப்பும் வந்தது. எழுதினேன். எல்லாரும் கையெழுத்திட்டார்கள்.

மாலையில் மேசைக்கடியைக் கூட்ட வந்த அத்தை, அந்தத் துண்டுத்தாளை எடுத்து நீட்டினாள். எழுத்து தெரியாவிட்டாலும் எண் தெரியும் அவளுக்கு.

"உனக்கு எவ்வளவுடா போச்சு?"

தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

"சராசரியா ஒண்ணும் போகல அத்தை."