டாக் இருக்க டாக்டர் எதற்கு?

பொன்னமராவதியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்யாண மண்டபம் நிரம்பி வழிந்தால் முகூர்த்தம் என்று நினைத்துவிடாதீர்கள். மாப்பிள்ளையும் இல்லை, பெண்ணும் இல்லை. மேடையில் இருந்தது ஒரு தங்கநிறப் பெட்டி. அதன்மேல் மஞ்சள் துணி, துணியின்மேல் மாலை. பக்கத்தில் நாத ஞானி நாதராசு.

ஆறு மாதத்துக்கு முன்புவரை இவர் நாகராசு. காந்தப் படுக்கை விற்றுக்கொண்டிருந்தார். முதுகுவலி போகாதவர்கள் வீடு தேடி வர ஆரம்பித்ததும் பெயரில் ஒரு எழுத்தை மாற்றினார். ‘க’ போய் ‘த’ வந்தது. ஞானமும் கூடவே வந்துவிட்டது.

பெட்டிக்கு டாக் என்று பெயர். விஷயம் பெரிதில்லை. கைபேசியிலும் கணினியிலும் பாட்டு வெறும் எண்களாகக் கிடக்கிறது. அதை ஒலிபெருக்கிக்குப் புரிகிற மின்சார அலையாக மாற்றித் தரும் கருவி அது. வீட்டில் ஆடியோ செட் வைத்திருக்கும் பாட்டுப் பைத்தியங்கள் தனியாக ஒன்று வாங்குவார்கள். நானூறு ரூபாய்க்கும் கிடைக்கும். ஞானியின் டாக் நாற்பத்தெட்டாயிரம். ஏன் என்று கேட்டால் குடுமியான்மலையை இழுப்பார்.

“அங்க பாறையில சங்கீதத்த வெட்டி வச்சிருக்காங்க. அந்த மலைக் கல்லு இதுக்குள்ள இருக்கு. பாட்டு அந்தக் கல்லைத் தொட்டுட்டு வெளிய வருது. பாடுறவ கால்ல கட்டியிருக்க சலங்கை வரைக்கும் கேக்கும். ஒண்ணே ஒண்ணு, மனசுல கறுப்பு உள்ளவங்களுக்குக் கேக்காது.”

அவ்வளவுதான். மண்டபத்தில் முந்நூறு பேர் இருந்தார்கள். முந்நூறு பேருக்கும் சலங்கை கேட்டது. கேட்கவில்லை என்று எழுந்து சொல்ல யாருக்கு என்ன பைத்தியமா?

அந்த முந்நூறில் ஒருவர் ஜெகபர் சாதிக். ஜெகதாப்பட்டினம் ஐஸ் பிளாண்டில் இருபது வருடமாக கம்ப்ரசர் பக்கத்தில் நிற்கிறவர். அது போடுகிற சத்தத்தில் காது பாதி போய்விட்டது. இரண்டு மாதத்துக்கு முன்பு புதுக்கோட்டை காது டாக்டர் சோதித்துப் பார்த்து, மிஷின் மாட்டுங்கள், இல்லாவிட்டால் ஆபத்து என்றார். பாய்க்கு மானம் போயிற்று. நாற்பத்தாறு வயதில் காதில் மிஷினா?

ஞானியிடம் போய்க் கேட்டார். “டாக் இருக்க டாக்டர் எதுக்கு பாய்? ஒங்க காதுல குறை இல்ல. நீங்க கேக்குற சத்தத்துலதான் குறை” என்றார் ஞானி. பாய்க்கு இந்த ஒரு வார்த்தை போதும். மிஷினுக்கு வைத்திருந்த பணம் பெட்டிக்கு என்று முடிவாகிவிட்டது.

அவர் மனைவி நிலோஃபர் பஸ் ஸ்டாப் பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள். போன வாரம் கடை வாசலிலேயே பார்த்தாள். பின்னால் மீன் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறது, இவர் நடுரோட்டில் சாவகாசமாக நடக்கிறார். டிரைவர் நல்லவன், பிரேக்கும் நல்ல பிரேக். அன்றிலிருந்து அவளுக்குப் பயம் நெஞ்சைவிட்டுப் போகவில்லை.

“மச்சான், அது காதுக்கு வச்ச காசு.”

“காதுக்குத்தானே புள்ள செலவு பண்றேன்.”

அவள் சண்டை போடவில்லை. “சரி, நம்ம வீட்டுல வந்து மாட்டிக் காட்டச் சொல்லுங்க. கேட்டுப் பாத்துட்டு காசக் குடுப்போம்” என்றாள்.

ஞானி ஒரு எடுபிடிப் பையனோடு வந்தார். பொன்னமராவதியில் மஞ்சளாக இருந்த துணி ஜெகதாப்பட்டினத்தில் பச்சையாகிவிட்டது. மனிதரின் மத நல்லிணக்கத்தில் மட்டும் குறை சொல்ல முடியாது. தெருவே கூடிவிட்டது. ஆடியோ செட்டுக்கு முன்னால் துணியைத் திரையாகக் கட்டச் சொன்னார்.

“பெட்டி மாட்டும்போது யார் கண்ணும் படக்கூடாது. என் கண்ணே பட்டாலும் நாதம் போயிரும். நம்ம பையன் உள்ள போயி மாட்டுவான்.”

“அந்தத் தம்பி எதுக்குங்க? ஒயர் மாட்டுறது எனக்குத் தொழில்தானே” என்று நிலோஃபர், டாக்கை உள்ளே வைத்து டேப் ஒட்டியிருந்த அட்டைப்பெட்டியைப் பையனிடமிருந்து வாங்கிக்கொண்டாள். முக்காடு போட்ட பெண்ணுக்கு என்ன தெரியப்போகிறது என்று ஞானி சிரித்துக்கொண்டே தலையசைத்தார். அவர் தொழிலில் செய்த ஒரே பிழை அதுதான்.

“மொதல்ல பெட்டி இல்லாமப் போடும்மா.”

பாட்டு வந்தது. ஞானி முகத்தைச் சுளித்தார். “கேட்டீங்களா? செத்த சத்தம். இப்பப் பெட்டிய மாட்டு.”

திரைக்குப் பின்னால் கடமுடவென்று ஏதோ உருண்டது. “மாட்டியாச்சுங்க.”

அதே பாட்டு. ஞானியின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “ஆகா, சலங்கை.”

“எனக்குச் சலங்கை மட்டுமில்ல, கொலுசு தனியாக் கேக்குது” என்றாள் மீன் விற்கும் பக்கத்து வீட்டு இருளாயி. எல்லாரையும்விட வேகமாகத் தலையாட்டியவர் ஜெகபர் சாதிக்.

“கழட்டிட்டு ஒரு தடவ போடவாங்க?” என்றாள் நிலோஃபர். போட்டாள். ஞானி காதைப் பொத்திக்கொண்டார். மாட்டிவிட்டேன் என்றாள்; ஞானி உருகினார். இப்படி ஐந்து தடவை சத்தம் செத்துச் செத்துப் பிழைத்தது.

பிறகு அவள் திரையை விலக்கினாள். ஆடியோ செட்டில் செருகியிருந்தது அவள் கடையில் நானூறு ரூபாய்க்கு விற்கிற விரல் நீள டாக். ஞானியின் அட்டைப்பெட்டி தரையில் கிடந்தது. ஒட்டிய டேப் ஒட்டியபடியே இருந்தது.

“நான் எதையும் மாத்தலைங்க. பாட்ட நிறுத்தி நிறுத்திப் போட்டேன், அம்புட்டுத்தான்.”

ஞானி தொண்டையைச் செருமினார். “நம்பிக்கை இல்லாதவங்க கை பட்டா நாதம் குழம்பிரும்.”

“கை எங்கய்யா பட்டுச்சு? டேப்பே பிரிக்கலையே” என்றாள் இருளாயி. சொன்னதோடு நிற்காமல் மீன் கத்தியால் டேப்பைக் கிழித்தாள். நிலோஃபர் தங்கநிறப் பெட்டியின் நான்கு ஸ்க்ரூவையும் கழற்றினாள். உள்ளே அதே விரல் நீள டாக். மிச்ச இடத்தில், கனத்துக்காக, ரோடு போடுகிற கருங்கல் ஜல்லி. கல் இருக்கிறது என்று அவர் சொன்னது மட்டும் சத்தியமான உண்மை.

கூட்டம் ஜல்லியைப் பார்த்தது, ஞானி வாசலைப் பார்த்தார். செருப்பைக்கூட எடுக்காமல் பஸ் ஸ்டாப்புக்கு ஓடினார். அடுத்து எந்த எழுத்தை மாற்றப் போகிறாரோ தெரியாது.

ஜெகபர் சாதிக் தலையைக் குனிந்துகொண்டு மனைவியிடம் சொன்னார்: “எனக்குச் சலங்கையும் கேக்கல, ஒண்ணும் கேக்கல. பாடுறது ஆம்பளையா பொம்பளையான்னே தெரியல. மனசுல கறுப்புன்னு சொல்லிருவாங்களேன்னு தலையாட்டினேன்.”

“எனக்கு மட்டும் என்னத்த கேட்டுச்சு பாய்” என்றாள் இருளாயி.

திங்கட்கிழமை பாய் புதுக்கோட்டைக்குப் போய்க் காதில் மிஷின் மாட்டிக்கொண்டு வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கியதும் பின்னால் ஒரு மீன் லாரி ஹாரன் அடித்தது. பாய் துள்ளி ஓரத்துக்குப் போனார். கடை வாசலில் நின்ற நிலோஃபர் அழுதேவிட்டாள்.

நாற்பத்தெட்டாயிரம் கொடுத்துப் பெட்டி தேடுகிற பெருமக்களே, உங்கள் இரண்டு காதுகளுக்கும் நடுவில் ஒரு பெட்டி இருக்கிறது. இலவசமாக வந்தது. தயவுசெய்து அதை மட்டும் துணி போட்டு மூடாதீர்கள்.